அளவை எனும் சான்று: வானொலி ஆர்வலரின் வாட்மானி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



'அளவை' என்னும் சொல் தமிழில் இரு பொருள் தருவது. நாழி, மரக்கால், முழம், துலாம் என்று பொருளை அளந்தறியும் முறை அளவை எனப்படும். ஒன்றை உண்மை என்று நிறுவும் சான்றுக்கும் அளவை என்பதே பெயர். வஞ்சி நகரில் மணிமேகலை சமயக் கணக்கரைக் கண்டு வினவுகையில், அளவைவாதி காட்சி முதலாகப் பத்து அளவைகளை எடுத்துரைக்கிறான். பின்னர் எழுந்த சிவஞான சித்தியார் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் ஏனையவற்றை அடக்கிக் காட்டுகிறது. அளப்பதும் சான்று காட்டுவதும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பது தற்செயல் அன்று. சான்றில்லாத அளவு வெறும் எண்ணாகவே நிற்கும்.

இவ்வுண்மையை இன்று எளிதிற் காட்டவல்ல பொருள் ஒன்று உண்டு. உள்ளங்கையில் அடங்கும் சிறு பெட்டி அது. வானொலி ஆர்வலர்கள் உதிரி உறுப்புகளை வாங்கித் தம் கையாலேயே கட்டிக்கொள்ளும் எண்முறை வாட்மானி. கடைவழக்கில் டிஜிட்டல் வாட்மீட்டர். இலக்கிய வட்டத்தின் மேடையில் இதற்கென்ன இடம் என்ற ஐயம் எழலாம். அளவையைப் பற்றித் தமிழ் சிந்தித்தவற்றை இப்பெட்டி மீண்டும் சிந்திக்க வைக்கிறது. அதனாலேயே இங்கு இடம் பெறுகிறது.

ஆர்வலரும் அவர்தம் அலையும்

திருச்சிராப்பள்ளி வானொலிக்குப் பழகிய ஊர். 1939 மே 16 அன்று இங்கு வானொலி நிலையம் தொடங்கியது. நிலையம் பேசும், ஊர் கேட்கும். 'ஹாம்' எனப்படும் வானொலி ஆர்வலரோ பேசவும் செய்வார், கேட்கவும் செய்வார். பன்னிரண்டு வயது நிறைந்த எவரும் நடுவண் அரசின் தேர்வில் தேறி உரிமம் பெறலாம். 'வி.யு.' என்று தொடங்கும் அழைப்புக்குறி அவருக்கு வழங்கப்படும். அதன்பின் தம் வீட்டு மாடியில் கட்டிய கம்பியைக் கொண்டு அயல்நாட்டு ஆர்வலரோடும் உரையாடலாம். வணிகத்திற்கு இதில் இடமில்லை.

இதனைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் 2004 டிசம்பரை நினைத்துப் பார்க்கவேண்டும். பாரதி பிரசாத் என்னும் பெண்மணியின் தலைமையில் அந்தமானுக்குச் சென்றிருந்த ஆர்வலர் குழுவினர், 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது போர்ட் பிளேரில் இருந்தனர். வழக்கமான தொடர்புகள் அற்றுப்போன வேளையில் அவர்களுடைய சிறு பரப்பிகள் தீவின் செய்திகளைத் தாய்நிலத்துக்கு எடுத்துச் சென்றன. மின்கலத்தை நம்பி இயங்கும் அத்தகைய நேரத்தில் ஒவ்வொரு வாட்டும் கணக்கிற்குரியது. பரப்பியிலிருந்து பத்து வாட் வெளியேறுவதாக நம்பி, உண்மையில் ஐந்தே வெளியேறினால், செய்தி சேராமற் போகலாம். அமைதிக்காலத்திலும் அளவு இன்றியமையாதது. 1978ஆம் ஆண்டின் விதிகள் உரிமத்தின் தரத்துக்கேற்ப, பயன்படுத்தத்தக்க திறனுக்கு வாட் கணக்கில் எல்லை வகுத்தன. எல்லைக்குள் நிற்பவர் தாம் நிற்பதை அறிந்திருக்கவேண்டும் அல்லவா?

செல்வதும் மீள்வதும்

வாட்மானி அளப்பது ஒன்றன்று, இரண்டு. அம்மா மண்டபப் படித்துறையில் நின்று நோக்குவோர், காவிரியின் சிற்றலை படிக்கட்டில் மோதி ஒரு பகுதி திரும்பி வருவதைக் காண்பர். பரப்பியிலிருந்து கம்பிவழி செல்லும் அலையும் அத்தகையதே. ஆன்டெனா கம்பிக்குப் பொருத்தமாக அமைந்திருந்தால் அலை முழுதும் ஏற்கப்படும். பொருத்தம் குறைந்தால் ஒரு பகுதி மீளும். ஒன்பது வாட் சென்று ஒரு வாட் மீண்டால், நிலையலை விகிதம் இரண்டு. மீள்வது மிகுந்தால் பரப்பியின் இறுதி டிரான்சிஸ்டர் சூடேறிக் கருகவும் கூடும்.

செல்வதையும் மீள்வதையும் பிரித்தறிவது எப்படி? கம்பியில் ஓடும் மின்னோட்டத்தில் ஒரு சிறு மாதிரியும், மின்னழுத்தத்தில் ஒரு சிறு மாதிரியும் எடுக்கப்படுகின்றன. இரண்டையும் கூட்டினால் செல்வது தெரியும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மீள்வது தெரியும். இவ்வறிவுக்கு ஒரு குருபரம்பரை உண்டு. அமெரிக்க ஆர்வலர் இதழான 'க்யூ.எஸ்.டி.'யில் 1959 ஏப்ரலில் வாரன் புரூயின் திசையறி வாட்மானியின் உள்ளமைப்பை விளக்கினார். 1987 ஜனவரியில் ஜான் கிரெபென்கெம்பர் இரட்டை வளைய அமைப்பை அதே இதழில் வெளியிட்டார். 2001 ஜூனில் வெஸ் ஹேவர்ட், பாப் லார்கின் இருவரும் மடக்கைச் சில்லு ஒன்றைக் கொண்டு நுண்ணிய திறனையும் அளக்கும் எளிய கருவியை எழுதிக் காட்டினர்.

இந்தியாவிலும் இவ்வழி தழைத்தது. ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான், எளிதிற் கிடைக்கும் உறுப்புகளால் கட்டத்தக்க 'பிட்எக்ஸ்' என்னும் பரப்பி-ஏற்பியை வடிவமைத்து, அதன் வரைபடத்தை எல்லார்க்கும் திறந்துவைத்தார். உலகெங்கும் ஆர்வலர்கள் அதனைக் கட்டினர். பின்னர் வந்த தொகுதிகளுக்குரிய கம்பிச் சுருள்களைப் பெண்கள் குழுவினர் கையால் சுற்றித் தந்தனர். அர்டுவினோ நானோ பலகையையும் மடக்கைச் சில்லையும் இணைத்து, ஆன்டெனாவை ஆயவும் திறனை அளக்கவும் உதவும் 'ஆன்ட்டுயினோ'வும் அவர் ஆக்கமே.

கட்டும் முறை

திருவரங்கத்து உத்தர வீதியில் ஓர் இளைஞர் இத்தகைய வாட்மானியைக் கட்டுவதாகக் கொள்வோருக்கு அதன் அமைப்பு எளிதில் விளங்கும். இவ்வூரின் பழைய வீடுகள் அகலம் குறுகி நீளம் மிகுந்தவை. 7 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்குரிய அரையலைக் கம்பிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேண்டும். மொட்டைமாடியின் நீளம் அதற்கு இடந்தரும்.

தொகுதியைப் பிரித்தால் அச்சிட்ட சுற்றுப்பலகை, இரண்டு ஃபெரைட் வளையங்கள், மடக்கைச் சில்லுகள், மின்தடையங்கள், மின்தேக்கிகள், நுண்கட்டுப்படுத்தி, எண்காட்டும் திரை ஆகியவை இருக்கும். கைத்திறம் வேண்டப்படும் இடம் வளையங்களே. எனாமல் பூசிய மெல்லிய கம்பியை ஒவ்வொரு வளையத்திலும் பத்துச் சுற்று சுற்றவேண்டும். வளையத்தின் துளை வழியே கம்பி ஒரு முறை நுழைந்தாலே அது ஒரு சுற்று. புறத்தே சுற்றி வந்ததை மட்டும் எண்ணுகிறவர் பத்து என்று நினைத்துப் பதினொன்று சுற்றிவிடுவார். மாதிரியாக எடுக்கப்படும் திறன் சுற்றெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. பத்துச் சுற்றுக்கு நூறில் ஒரு பங்கு. பதினொன்றுக்கு நூற்றிருபத்தொன்றில் ஒரு பங்கு. எனவே பத்து வாட் செல்லும்போது திரை 8.3 என்றே காட்டும். ஒன்று குறைந்து ஒன்பதாயின் 12.3 என்று காட்டும். திரையிலோ பிழையின் அடையாளம் எதுவும் இராது.

வளையம் எடுத்த நூறில் ஒரு பங்கை மின்தடையங்கள் மீண்டும் நூறில் ஒரு பங்காகக் குறைக்கின்றன. பத்து வாட் இவ்வாறு ஒரு மில்லிவாட்டாகிச் சில்லைச் சேரும். சில்லு டெசிபெல் ஒன்றுக்கு 25 மில்லிவோல்ட் என்ற கணக்கில் மின்னழுத்தம் தரும். நுண்கட்டுப்படுத்தி அதனை எண்ணாக மாற்றித் திரைக்கு அனுப்பும்.

எண் காட்டுவதெல்லாம் மெய்யோ?

திரையில் '9.87 வாட்' என்று ஒளிரும்போது கட்டியவரின் மனம் மகிழும். புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்கள்! முள் அசையும் பழைய மானியில் இந்த நுட்பம் உண்டா? இங்குதான் எச்சரிக்கை வேண்டும்.

நானோ பலகையின் நுண்கட்டுப்படுத்தி 5 வோல்ட் வரையிலான அளவை 1024 படிகளாகப் பகுத்தறியும். ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட், அதாவது 0.2 டெசிபெல், திறனில் நூற்றுக்கு நான்கரைப் பங்குக்குச் சற்று மிகுதி. பத்து வாட் அருகே, அடுத்தடுத்த இரு படிகளுக்கு இடையே அரை வாட் அளவு இடைவெளி கிடக்கிறது. பல அளவுகளின் சராசரி எடுத்து இதனை ஓரளவு குறைக்கலாம். எனினும் '9.87' என்பதன் இறுதி இலக்கம் கருவி அறிந்து சொன்னதன்று. கணக்கு போட்டதால் வந்தது. முள் மானி தன் ஐயத்தை மறைப்பதில்லை. இரு கோடுகளுக்கு இடையே முள் நடுங்கும்போது, 'ஏறக்குறைய' என்று பார்ப்பவரே சொல்லிக்கொள்வார். எண்முறை மானியோ ஐயத்தை மறைத்துத் துணிவை மட்டும் காட்டும்.

இதனைக் கடையில் வாங்கியவர் உணர்வதரிது. கட்டியவர் உணர்வார். எத்தனை சுற்று, எத்தனை படி, எந்த மின்தடையம் என்பதெல்லாம் அவர் விரல்கள் அறியும். கருவியைக் கட்டுவதன் பெரும்பயன், அது எங்கே பொய்க்கும் என்பதை அறிவதே.

மூன்று அளவைகள்

அவ்வாறாயின் மானியை நம்புவது எப்படி? சித்தியார் வகுத்த மூன்றும் இங்குத் துணைவருகின்றன. திரையில் காண்பது காண்டல். தொகுதியோடு வரும் கையேடு சொல்வது உரை. இடையில் நிற்கும் கருதலையே பலரும் விட்டுவிடுகின்றனர்.

கருதலுக்கு வேண்டிய கருவிகள் எளியவை. ஆயிரம் ஓம் மதிப்புள்ள இரண்டு வாட் மின்தடையங்கள் இருபதை இணையாகச் சேர்த்துப் பற்றவைத்தால் 50 ஓம் கிடைக்கும். கம்பி சுற்றிய வகை ஆகாது. கார்பன் அல்லது உலோகப் படலம் கொண்டவையே ஏற்றவை. ஆன்டெனாவுக்கு மாற்றாகப் பரப்பியின் திறனை ஏற்கும் இதனைப் பொய்ச்சுமை என்பர். இச்சுமைக்குக் குறுக்கே ஒரு டையோடும் சிறு மின்தேக்கியும் வைத்துச் சாதாரண மல்டிமீட்டரால் உச்ச மின்னழுத்தத்தை அளக்கலாம். 31 வோல்ட் காட்டுவதாகக் கொள்க. டையோடு உண்ட 0.6 வோல்ட்டைக் கூட்டினால் 31.6. அதன் வர்க்கத்தை நூறால் வகுக்க, பத்து வாட். வாட்மானியும் பத்தை ஒட்டிக் காட்டினால் இரு சாட்சிகள் ஒத்தன எனலாம். மாறுபட்டால் வளையத்தின் சுற்றுகளை மீண்டும் எண்ணவேண்டும். மல்டிமீட்டரும் பிழைக்கு அப்பாற்பட்டதன்று: அதன் அளவில் நூற்றுக்கு ஒன்று பிழைத்தால், வர்க்கத்தினால் திறனில் இரண்டு பிழைக்கும்.

மற்றொரு சோதனையும் உண்டு. பொய்ச்சுமை இருக்கையில் மீள்வது சுழியாகவேண்டும். பின் மானியின் இரு முனைகளையும் மாற்றிப் பூட்டினால், செல்வதும் மீள்வதும் இடம் மாறித் தோன்றவேண்டும். மாறாவிடில் திசையறிதலில் குறை உண்டு என்பது பொருள்.

அளவைக்குச் சாட்சி தேடும் இவ்வழக்கம் காவிரிக் கரைக்குப் புதியதன்று. தஞ்சைக் கல்வெட்டுகளில் மரக்காலுக்கு 'ஆடவல்லான்' என இறைவன் பெயரே இடப்பட்டுள்ளது. திருவரங்கத்துப் பெருவிழாக்களில் நம்பெருமாள் திருக்கொட்டாரத்துக்கு எழுந்தருளி நெல்லளவு கண்டருள்வார். அளப்பவர் கையில் மரக்கால் இருந்தும், அளவுக்கு மேலான ஒரு பார்வை வேண்டும் என்று கருதிய மரபு அது. மாத்திரைக்கு இமைப்பொழுதையும் விரல்நொடிப் பொழுதையும் அளவாக்கிய தொல்காப்பியரும், நுட்பமாக உணர்ந்தோர் கண்ட நெறி இது என்று சான்று காட்டியே சொன்னார்.

தமிழ் செய்யவேண்டுவது

இதில் தமிழாசிரியர்க்கும் பணி உண்டு. 'திறன்' வேறு, 'ஆற்றல்' வேறு. வாட் என்பது திறனின் அலகு. ஆற்றலின் அலகு ஜூல். எழுத்தில் இவ்விரண்டும் மயங்கி வழங்குவதைக் காண்கிறோம். 'சுற்று' என்ற சொல்லோ இன்னும் இடர் தருவது. மின்சுற்றும் சுற்றே, வளையத்தில் சுற்றிய கம்பியின் எண்ணிக்கையும் சுற்றே. கையேட்டில் 'பத்துச் சுற்று' என்று மட்டும் எழுதினால் மாணவர் தடுமாறுவார். 'கம்பி துளை வழியே பத்து முறை நுழையவேண்டும்' என்று எழுதினால் மயக்கம் இல்லை. அந்த ஒரு தொடர் எட்டே கால் வாட்டைப் பத்து வாட்டாகத் திருத்திவிடும். தெளிவான தமிழ் இங்கே அளவுக்கருவியின் ஓர் உறுப்பாகிறது.

இது நடவாத கனவன்று. திருவரங்கத்தில் வளர்ந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் பயின்று, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்காற்றிய சுஜாதா, அதே கையால் தமிழில் கதையும் அறிவியலும் எழுதினார். கருவியை அறிந்தவர் எழுதியதால் அவருடைய அறிவியல் தமிழ் பலரைச் சென்றடைந்தது. கடைவீதி வழக்கான சால்டரிங்கையும் நூல்வழக்கான பற்றவைத்தலையும் அருகருகே வைத்து, படிப்படியாகப் படம் வரைந்து, ஒரு வாட்மானித் தொகுதிக்கேனும் தமிழில் கையேடு எழுதுவது இளைஞர்க்கும் தமிழாசிரியர்க்கும் உரிய கூட்டுப்பணி.

வாட்மானி கட்டிய மாணவர் தம் குறிப்பேட்டில் நாள், அதிர்வெண், பொய்ச்சுமையின் மதிப்பு, மல்டிமீட்டர் காட்டியது ஆகியவற்றை எழுதி, முடிவில் '9.87 வாட்' என்று எழுதுவதைவிட, 'பத்து வாட்; அரை வாட் கூடலாம், குறையலாம்' என்று எழுதுவாராயின் அவர் அளக்கக் கற்றவர். தாம் அறிந்தது எவ்வளவு என்பதை அறிந்து சொல்லும் அச்சொல்லே அளவை.