சிசுக்களின் வயிற்று உபாதையும் மலச்சிக்கலும்
(கூட்டுறவுச் சங்க மகளிர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



பிறந்து ஐம்பது நாளான ஒரு குழந்தை மூன்று நாட்களாக மலம் கழிக்கவில்லை. நான்காம் நாள் காலை முகம் சிவக்க முக்கி, காலை உதைத்து வீரிட்டு அழுகிறது. பாட்டி, "அம்மாடி, பிள்ளைக்கு வயிறு கட்டிக்கொண்டது, விளக்கெண்ணெயைக் கொண்டு வா" என்கிறார். அத்தை வசம்பைச் சுடுகிறார். அண்டை வீட்டுப் பெண்மணி வெற்றிலைக் காம்பு தேடுகிறார். தகப்பனோ கடைக்கு ஓடிக் கிரைப்வாட்டர் புட்டி ஒன்று வாங்கி வருகிறான். யாவரும் அன்பினால் செய்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இத்தகைய குழந்தைகளுள் அநேகருக்கு நோய் ஒன்றும் இருப்பதில்லை.

தாய்ப்பால் மட்டும் உண்ணும் குழந்தை முதற் சில வாரங்களில் நாளொன்றுக்குப் பல தடவை கழிக்கும். ஒன்றரை மாதத்திற்குப் பின் நாலைந்து நாட்களுக்கு ஒரு முறை, சில சமயம் ஒரு வாரத்திற்கு ஒரு முறை கழிப்பதும் உண்டு. பாலின் பெரும்பகுதி உடலில் சேர்ந்துவிடுவதால் எஞ்சுவது சொற்பமே. ஆதலின் நாட்களை எண்ணுவதினும் மலத்தின் தன்மையைப் பார்ப்பதே முறை. இளகலாக வருமாயின் அது மலச்சிக்கல் அன்று. ஆட்டுப் புழுக்கையைப் போல் உருண்டு கெட்டியாக வருவதே மலச்சிக்கல். சிறுநீர் நாளைக்கு ஆறு தடவையேனும் போகிறதா, எடை கூடுகிறதா என்பதையும் சேர்த்துக் காணல் வேண்டும். வரவைப் பாராது செலவை மட்டும் எண்ணுகிறவன் கணக்கு என்றும் ஒப்பாது. முதல் மாதத்திலேயே மலம் மிகக் குறைந்தால் பால் போதவில்லை என்றும் பொருளாகலாம். அப்போது கிராம சுகாதாரச் செவிலியரிடம் எடை பார்ப்பது அவசியம்.

முக்கி அழுவதன் காரணம் யாது? மலம் கழிக்க வயிறு அழுத்த வேண்டும்; அதே கணத்தில் ஆசனவாய் தளர வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே செய்யச் சிசு இன்னும் பழகவில்லை. பத்து நிமிஷமோ அதற்கு மேலோ அழுது, பின்னர் இளகலாகவே கழிக்கும். சில வாரங்களில் தானே பழகிக்கொள்ளும். காம்பையும் சோப்புத் துண்டையும் நுழைத்தால் அப்பழக்கம் தாமதப்படும். மெல்லிய தோலும் புண்ணாகும்.

விளக்கெண்ணெயின் தீங்கு இதனினும் பெரிது. மூக்கைப் பிடித்துப் புகட்டுகையில் எண்ணெய் வழி தவறி நுரையீரலுக்குள் செல்லக்கூடும். தண்ணீர் புரையேறினால் இருமல் வரும். எண்ணெயோ பெரும்பாலும் இருமல் எழுப்பாமலே இறங்கிவிடும். அதனால் உண்டாகும் நுரையீரல் அழற்சி எளிதில் தீருவதன்று. குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும் இத்தகையதே. பிள்ளை வளர்ப்பான் என்று செல்லப்பெயர் பெற்ற வசம்பிலும் அசரோன் என்னும் நச்சுப்பொருள் உண்டு. அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டிலேயே அதனை உணவில் சேர்ப்பது தடுக்கப்பட்டது. கிரைப்வாட்டரோ 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் வில்லியம் உட்வர்ட் என்பவர் ஆக்கியது. சதகுப்பை எண்ணெயும் சோடா உப்பும் சர்க்கரையும் மட்டுமின்றிச் சாராயமும் அதில் சேர்ந்திருந்தது. அந்நாளில் குழந்தைகள் அடங்கித் தூங்கியதில் வியப்பில்லை! இந்நாளில் சாராயம் நீக்கப்பட்டாலும், பால் நிறைய வேண்டிய சிறு வயிற்றை வேறு நீரால் நிரப்புவது தகாது. புட்டிக்குச் செல்லும் பணம் தாயின் பருப்புக்கும் கீரைக்கும் செல்லட்டும். குழந்தையின் வயிற்றுக்காகத் தாயைப் பத்தியத்தில் வாட்டும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதனால் தாய் மெலிவதே பலன்.

பின், செய்யத்தக்கது என்ன? பால் கொடுத்தபின் தோளில் சார்த்தி நிமிர்த்தி, முதுகை மெல்லத் தட்டி ஏப்பம் விடச் செய்க. குழந்தை அமைதியாய் இருக்கும் நேரத்தில் மல்லாக்கக் கிடத்தி, இரு முழங்கால்களையும் மாறி மாறி வயிற்றை நோக்கி மடக்கி நீட்டுக. தொப்புளைச் சுற்றிக் கடிகார முள் செல்லும் திசையில் உள்ளங்கையால் இதமாகத் தடவுக. வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டுவதும் நன்று.

டாக்டர் சொல்லி மாவுப்பால் கொடுக்க நேர்ந்தால், டப்பாவில் கண்ட அளவு பிசகலாகாது. நீர் குறைந்தால் மலம் இறுகும். மிகுந்தால் குழந்தை இளைக்கும். ஆறு மாதம் நிறைந்தபின் கேழ்வரகுக் கூழ், குழைந்த பருப்புச் சாதம், கீரை, பழுத்த பப்பாளி ஆகியவற்றுடன் காய்ச்சி ஆறிய நீரும் சிறிது சிறிதாகத் தரலாம். ஒரு வயது வரை நாவில் தேன் தடவுதல் கூடாது. தேனில் சில சமயம் உள்ள ஒருவகைக் கிருமியின் வித்து சிசுவின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும். திடீர் மலச்சிக்கலும், பால் உறிஞ்ச மாட்டாமையும், மெலிந்த அழுகுரலும் அதன் குறிகள்.

பிறந்து இரண்டு நாளாகியும் முதற் கருமலம் போகாமை, பச்சை நிறவாந்தி, வயிறு உப்பி விறைத்தல், காய்ச்சல், பால் மறுத்தல், மலத்தில் இரத்தம் ஆகியவை கண்டால் வீட்டு வைத்தியத்தில் ஒரு நாழிகையும் கழிக்கலாகாது. விட்டுவிட்டு வீரிட்டழுது காலை மடக்கும் குழந்தை செந்நிறக் கூழ் போலக் கழிக்குமாயின், குடலுக்குள் குடல் செருகியிருக்கலாம். மஞ்சட்காமாலையுடன் மலம் சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் அது பித்தநாள அடைப்பாக இருக்கலாம். இரண்டு மாதத்திற்குள் அறுவைச் சிகிச்சை நடந்தால் பலன் மிகுதி. 108-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் வண்டி வரும். புறப்படுகையில் மலம் பட்ட துணியைத் துவைத்துவிடாமல் சுருட்டிக் கையோடு கொண்டு செல்லுங்கள். டாக்டர் அதன் நிறத்தை நேரில் பார்ப்பது நல்லது.