மெலட்டூரின் தெலுங்கு இசை நாடகம்



இராமச்சந்திராபுரத்தில், பாரத மிகுமின் நிறுவனத்தாரின் குடியிருப்பில் வாழும் தஞ்சாவூர் நண்பர் ஒருவர் இல்லத்தில், அண்மையில் ஒரு மாலைப் பொழுது மெலட்டூர்ப் பாகவத மேளாவின் ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தோம். நாடகம் பிரகலாத சரித்திரம். மைந்தனை எண்ணித் தாய் லீலாவதி புலம்பும் கட்டம் வந்தது. பாட்டின் உருக்கத்தில் நண்பர் கண்கலங்கினார். சொல்தான் ஒன்றும் விளங்கவில்லை. ஐதராபாத்திலேயே பிறந்து வளர்ந்த அவருடைய பத்து வயது மகள் அருகில் அமர்ந்து பொருள் சொல்லிக்கொண்டே வந்தாள். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வரவில்லையே என்று பெற்றோர் நாள்தோறும் குறைபட்டுக்கொள்ளும் குழந்தை அவள்.

மறந்துபோன இசை நாடகம் ஒன்றை மீட்பதற்கு எவை எவை வேண்டும் என்னும் வினா அன்று நம் உள்ளத்தில் எழுந்தது. இத்தாலியர் இவ்வினாவை முன்னமே எதிர்கொண்டவர்கள். அங்கே 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் 'பெல் கான்டோ', அதாவது அழகிய பாடல், என்னும் பாணி ஓங்கியிருந்தது. தோனிசெத்தி இயற்றிய 'அன்னா பொலேனா' 1830இல் மிலான் நகரில் அரங்கேறிப் பெரும்புகழ் எய்தியது. பின்னர் மக்களின் சுவை மாறிற்று. நாடகமும் நெடுங்காலம் மேடையை விட்டு மறைந்தது. 1957இல் லா ஸ்காலா அரங்கில் மரியா காலஸ் அதைப் பாடியபோதுதான் உலகம் மீண்டும் திரும்பிப் பார்த்தது. இசைக்குறிப்பு ஏடு இடைக்காலத்தில் அழிந்துவிடவில்லை. அதைப் பாட வல்ல குரல்களே அருகிப்போயிருந்தன. அப்பாணியில் ஒரே அடியை இரண்டாம் முறை பாடும்பொழுது பாடகர் தம் கற்பனையால் அணி செய்ய வேண்டும். ஏட்டில் அது முழுவதும் எழுதப்பட்டிராது. குருவிடம் கேட்டுத்தான் வர வேண்டும்.

நம் நாட்டு நிலைமையும் அதுவே. சற்றுக் கடுமை மிகுந்தது என்றும் சொல்லலாம். ஏட்டிலே இராகப் பெயரும் தாளப் பெயரும் இருக்கும், மெட்டு இராது. அது பாகவதரின் தொண்டையில் இருப்பது. பாடியவர் மறைந்தால் அதுவும் உடன் மறையும்.

அச்சுதப்ப நாயக்கர் 510 குடும்பங்களுக்கு வீடும் நிலமும் வழங்கி நிறுவிய ஊர் மெலட்டூர் என்பது வழிவழி வரும் செய்தி. தியாகராசர் காலத்தில் வாழ்ந்த மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரியார் அங்கிருந்து பிரகலாத சரித்திரம், உஷா பரிணயம், அரிச்சந்திரன், மார்க்கண்டேயன் முதலிய நாடகங்களைத் தெலுங்கில் இயற்றினார். நரசிம்ம ஜயந்தியை ஒட்டி, இறைவன் திருமுன்னர், இரவெல்லாம் அவற்றை ஆடுவது வழக்கம். பெண் வேடமும் ஆடவரே தாங்குவர். முதலில் கோணங்கி வருவான். பின் பிள்ளையார் முகமூடி அணிந்த சிறுவன் வருவான். நரசிம்மருக்குரிய முகமூடி பூசையில் வைத்துப் போற்றப்படுவது. அதை அணிபவர் நோன்பிருந்தே அணிவார்.

அடுத்தடுத்த ஊர்கள் சிலவும் இக்கலையைப் பேணின. ஆயினும் காலம் செல்லச் செல்ல ஆதரவு குன்றிற்று. மெலட்டூரில் பரதம் நடேச ஐயர் நெடுநாள் கட்டிக்காத்தார். அவருக்குப் பின் தளர்ந்த மரபை 1930களின் பிற்பகுதியில் ஊரார் மீண்டும் எழுப்பினர். பாலு பாகவதர் போன்றோர் உழைத்தனர். பரத நாட்டியத்துக்காக வாதாடிய வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் ஊக்கமூட்டினார். பின்னாளில் ருக்மிணி தேவி உஷா பரிணயத்தைக் கலாக்ஷேத்திரத்தில் அரங்கேற்றினார். அங்கே பெண் வேடத்தைப் பெண்களே ஏற்றனர். அது சரியன்று என்பாரும் உளர். பாட்டு பிழைத்ததே பெரிதென்பது நம் கட்சி.

இனி மொழிச் சிக்கல். அரசாங்கச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்குவது நம் தொழில். அந்தத் துணிச்சலில் தரு ஒன்றைத் தமிழ்ப்படுத்திப் பார்த்தோம். பொருள் வந்தது, தாளத்தில் உட்காரவில்லை. தெலுங்குச் சொல் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடிவதால் குரல் தடையின்றி நீள்கிறது. தெலுங்கைக் கீழ்த்திசையின் இத்தாலியம் என்று ஐரோப்பியர் வருணித்தது இதனால்தான். நாம் தமிழில் வைத்த சொற்களோ ஒற்றெழுத்தில் முடிந்து, அசைவு வேண்டிய இடத்தில் கதவடைத்தன. இலண்டன் நகரத்தார் அன்னா பொலேனாவை இத்தாலிய மொழியிலேயே கேட்டு, பொருளைத் திரையில் படித்துக்கொள்கிறார்கள். மெலட்டூரில் பார்ப்போரில் பெரும்பாலார் தமிழர். கதையறிவாலும் அபிநயத்தாலுமே நாடகத்தைப் பின்தொடர்கிறார்கள். சொல்லின் நயம் அவர்களை எட்டுவதில்லை.

தஞ்சைச் சரசுவதி மகாலில் நாயக்க மன்னர் காலத்துத் தெலுங்கு யட்சகானங்களும், மராட்டிய மன்னர் சகசியின் நாடகங்களும் உள்ளன. அவை காவிரிக்கரையில் பிறந்தவை; ஆயினும் அங்கே அவற்றைப் படித்துச் சுவைப்போர் மிகச் சிலர். தெலுங்கையும் கருநாடக இசையையும் ஒருங்கே கற்கும் தமிழ்க் குழந்தைகளோ இங்கே நம் தெருக்களில் இருக்கிறார்கள். அக்குழந்தைகளின் தெலுங்கை நாம் இழப்புக் கணக்கில் எழுதிவிட்டோம்.

ஒலிப்பதிவு முடிந்ததும் அச்சிறுமி, "மாமா, இதை எழுதியவர் இந்தப் பக்கத்துக்காரரா?" என்று கேட்டாள். "உன் தாத்தாவின் ஊருக்குப் பக்கத்து ஊர், அம்மா" என்றோம். அவள் நம்பவில்லை. வரும் நரசிம்ம ஜயந்திக்கு அவளையும் அழைத்துக்கொண்டு மெலட்டூர் செல்வதாக ஏற்பாடு. நண்பர் விடுப்பு விண்ணப்பம் எழுதிவிட்டார்; நம்முடையது இன்னும் மேலதிகாரியின் மேசையில் இருக்கிறது.