எஃப்.ஐ.ஆர். நகல் உங்கள் உரிமை



காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அப்படித் திரும்பவே கூடாது. முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) பதிவானதும், புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ அதன் நகலை உடனே, இலவசமாகத் தர வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு இதைச் சொல்கிறது.

வழக்கு உங்கள் மீதே பதிவாகியிருந்தால்? அப்போதும் நகல் கேட்கலாம். எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் காவல் துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற வழக்குகளுக்கு விலக்கு உண்டு. இணையத் தொடர்பு இல்லாத ஊர்களுக்குக் கூடுதல் அவகாசமும் உண்டு.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போன பிறகு, தீர்ப்பு போன்ற ஆவணங்களுக்கு வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு நகல் மனு போட வேண்டும். முத்திரையிட்ட, சான்றளிக்கப்பட்ட நகல்தான் மேல்முறையீட்டுக்குச் செல்லும். வழக்கின் நிலையை அறிய, அதன் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் கொடுத்தால் போதும். சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகலை இலவசமாகவே தர வேண்டும்.

வழி தெரியாவிட்டால் 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழையுங்கள். மனு கொடுத்தால் ரசீது, வழக்குப் பதிந்தால் நகல். தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.