வலி போகல, ஆனா இளைப்பாறுதல் வந்துச்சு
போன வாரம் ராத்திரி ரெண்டு மணி. ஆபீஸ் போன் வந்துருமோன்னு பயந்து தூங்காம கிடந்தேன். "ஆண்டவரே, இந்தப் பிரச்சினையை எடுத்துப்போடும்"னு மட்டும்தான் ஜெபிச்சேன்.

அப்போ ஏமி கார்மைக்கேல் அம்மா ஞாபகம் வந்தாங்க. நம்ம மதுரைக்குத் தெற்கே, டோனாவூர்ல பிள்ளைகளை எடுத்து வளர்த்தவங்க. 1931 அக்டோபர்ல களக்காட்டுல ஒரு குழியில விழுந்து கால் உடைஞ்சது. 1951-ல மரிக்கிற வரைக்கும் பெரும்பாலும் படுக்கைதான். வலி போகல. ஆனா அங்கிருந்தே வியாதியஸ்தருக்காகப் புத்தகம் எழுதினாங்க.

மத்தேயு 11:28 இளைப்பாறுதலைச் சொல்லுது. அடுத்த வசனமே நுகத்தைச் சொல்லுது. சுமை இருக்கும், தனியா சுமக்க வேண்டாம்.

ஜெபத்தை மாத்தினேன்: "பயமா இருக்கு ஆண்டவரே, என்கூட இரும்." போன் வந்துச்சு. கை நடுங்குச்சு, ஆனாலும் எடுத்தேன். இன்னிக்கு ராத்திரி நீங்களும் உங்க பயத்தை மறைக்காம அவர்கிட்ட சொல்லிப் பாருங்க.