இரண்டு பட்டறைகள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் சார் என்னிடம், "உன் வேலையைப் பத்திப் பேசுப்பா" என்றார். நான் பாலம் கட்டும் கம்பெனியில் இருக்கிறேன். கான்கிரீட்டைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால், ஒரு சனி, ஞாயிறில் நான் வாங்கிய ஒரு குட்டைப் பற்றிப் பேசுகிறேனே என்று அனுமதி கேட்டேன். "சரி, பத்து நிமிஷம்" என்றார்.

ஆவணப்படம் எடுப்பவர்களுக்கான இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை ஒன்று சென்னையில் நடந்தது. சைட்டில் நடக்கும் வேலையை வீடியோ எடுத்து அனுப்புவது என் பொறுப்புகளில் ஒன்று. அதைக் கொஞ்சம் ஒழுங்காக எடுக்கக் கற்றுக்கொள்ளலாமே என்று போனேன். மொத்தம் 14 பேர். பாதிப்பேர் ஏற்கெனவே படம் எடுத்தவர்கள். மற்றவர்களில் ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு நர்ஸ், இரண்டு சட்டக் கல்லூரி மாணவர்கள். நடத்தியவர் பல வருடமாக ஆவணப்படம் எடுத்துவரும் ஓர் அம்மையார். சனிக்கிழமை மத்தியானம் வரை காமிராவைத் தொடவே விடவில்லை. படம் பார்த்தோம், பேசினோம், சண்டை போட்டோம்.

முதலில் பார்த்தது 1922-ல் வெளிவந்த 'நானூக் ஆஃப் த நார்த்'. எடுத்தவர் ராபர்ட் ஃபிளாஹர்ட்டி. கனடாவின் வடகோடியில் இரும்புத் தாது தேடப் போனவர். ஏறக்குறைய நம்ம ஆள். அங்கே இனுயிட் மக்களைப் படம் எடுத்தார். 1916-ல் டொராண்டோவில், எடிட் செய்துகொண்டிருந்த நெகட்டிவ் மேல் சிகரெட் நெருப்பு விழுந்து எல்லாம் எரிந்துபோனது. மனிதர் அசரவில்லை. மறுபடி போய் 1920, 21-ல் புதிதாக எடுத்தார். பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதாது என்று, பாதி வீடு மட்டும் கட்டி அதில் குடும்பத்தை உட்காரவைத்து எடுத்திருக்கிறார். நானூக் என்பது அந்த வேட்டைக்காரரின் நிஜப் பெயரும் அல்ல. "அப்ப இது பொய்தானே மேடம்?" என்று சட்டக் கல்லூரித் தம்பி எழுந்தார். ஒரு மணி நேரம் வாக்குவாதம்.

கடைசியில் அந்த அம்மையார் ஒரு விஷயம் சொன்னார். ஃபிளாஹர்ட்டி அந்தக் குளிரிலேயே ஃபிலிமைக் கழுவி, எடுத்ததை அந்த மக்களுக்கே போட்டுக் காட்டினாராம். அதைப் பார்த்துவிட்டு அவர்களும் அடுத்துச் செய்யவேண்டியதைப் பற்றி யோசனை சொன்னார்களாம். "பாதி வீடு கட்டினதைப் பேசுங்க. இதையும் சேர்த்துப் பேசுங்க" என்றார். நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். புரிந்துகொள்ளவில்லை.

அன்று எனக்குப் பிடித்தது வேறு. 1960-ல் அமெரிக்காவில் கென்னடியும் ஹம்ஃப்ரியும் மோதிய விஸ்கான்சின் உட்கட்சித் தேர்தலைப் பற்றி 'பிரைமரி' என்று ஒரு படம் வந்தது. எடுத்த குழுவில் இருந்த பென்னிபேக்கர் யேலில் இன்ஜினீயரிங் படித்தவர். ரிச்சர்ட் லீகாக் ஹார்வர்டில் பௌதிகம் படித்தவர். தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிற காமிரா, அதோடு ஒலியும் பிசகாமல் சேரவேண்டும். இந்தச் சிக்கலுக்கு ட்யூனிங் ஃபோர்க் கைக்கடிகாரத்தின் துடிப்பைப் பயன்படுத்தினார்கள். "பாத்தீங்களா, எங்காளுங்கதான்!" என்று பக்கத்தில் இருந்த நர்ஸம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவரைச் சந்தித்து, அனுமதி வாங்கி, மூன்று நிமிடப் படம் எடுத்து வரவேண்டும். மறுநாள் மூன்று மணிக்குத் திரையிடல். எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் நம் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் இருந்த ஃபிட்டிங் இன்ஸ்ட்ரக்டர். ஓய்வுபெற்றுத் தாம்பரம் பக்கம் இருக்கிறார். அவரை மறந்தவர்கள் இங்கே யாரும் இருக்கமாட்டீர்கள். முதலாம் ஆண்டில் இரும்புத் துண்டைக் கொடுத்து அரத்தால் ராவச் சொல்வார். கை கொப்பளிக்க ராவிக்கொண்டு போய் நீட்டினால், ட்ரை ஸ்கொயரை மேலே வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்பார். இடுக்கில் துளி வெளிச்சம் வந்தாலும், "வெளிச்சம் தெரியுதே தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். வி ஜாயிண்டுக்கு நான் ஏழு தடவை திருப்பி வாங்கியவன்.

போனேன். அம்மா காபி கொடுத்தார்கள். சார் நாற்பது நிமிடம் பேசினார். அரத்தை எப்படிப் பிடிப்பது, உடம்பின் பாரத்தை எப்போது கொடுப்பது, எப்போது எடுப்பது, வைஸின் உயரம் ஏன் முழங்கை மட்டத்தில் இருக்கவேண்டும், எல்லாம் சொன்னார். பழைய அரம் ஒன்றை எடுத்துப் பிடித்தும் காட்டினார். அப்போது கை நடுங்கியது. நான் செல்போனை நடுங்கும் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட மூன்று நிமிடப் படத்தில் அந்தக் கைதான் இருந்தது. பின்னணியில் புல்லாங்குழல். விளக்கைப் போட்டபோது இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது நர்ஸம்மா கேட்டார்: "நாற்பது நிமிஷம் பேசினார்னு சொன்னீங்க. அவர் பேசின ஒரு வார்த்தைகூட இதுல இல்லையே?" அடுத்து அம்மையார் கேட்டார்: "கை நடுங்குறதைக் காட்டலாமான்னு அவரைக் கேட்டீங்களா?" படம் எடுக்க அனுமதி கொடுத்தார் மேடம் என்றேன். "அது எடுக்கிறதுக்குக் கொடுத்தது. எடுத்ததை அவர் பார்த்தாரா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அடுத்த வாரம் படத்தைக் கொண்டுபோய் சாரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முன்பு ஜாப் பார்ப்பாரே, அதே மாதிரி செல்போனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முடித்ததும், "வெளிச்சம் தெரியுதே தம்பி" என்றார். எனக்குப் பகீரென்றது. "இதுல நான் நோயாளியாத்தான் இருக்கேன். முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன் எங்கே?" என்று கேட்டார். சமையற்கட்டு வாசலில் நின்றிருந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்தப் படத்தை அவர் எதிரிலேயே அழித்தேன். அப்புறம் மூன்று ஞாயிற்றுக்கிழமை போனேன். அரத்தை என்னிடம் கொடுத்து ராவச் சொன்னார். காமிரா ஸ்டாண்டில். நான் ராவ, அவர் திட்ட, மறுபடி ராவ, மறுபடி திட்ட. இப்போது அது 22 நிமிடப் படம். கை நடுக்கம் அதிலும் இருக்கிறது. "அதை மறைக்க வேண்டாம். அது ஒண்ணுதான் நான்னு காட்டாதே" என்பது அவர் உத்தரவு. இந்த மேடையில் சொல்வதற்கும் அவரிடம் அனுமதி வாங்கியே வந்திருக்கிறேன். உடல்நிலை காரணமாக அவர் இன்று வர இயலவில்லை. உங்கள் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

அடுத்து ஃபவுண்டரி இன்ஸ்ட்ரக்டரை எடுப்பதாக இருந்தேன். உருகிய உலோகத்தின் நிறத்தைப் பார்த்தே ஊற்றும் பதம் சொல்வாரே, அவர்தான். சைட் வேலை, ஆடிட் என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். அவர் காலமாகிவிட்டார். அந்தக் கண் எதைப் பார்த்தது என்று இனி யாரிடம் போய்க் கேட்பது?

1937-ல் கப்பலில் போகும்போது காந்தியைப் பற்றிப் படம் எடுக்க வேண்டும் என்று ஏ.கே. செட்டியாருக்குத் தோன்றியது. நாடு நாடாகப் போய்த் துண்டுப் படங்களைக் கேட்டு வாங்கி, 1940-ல் வெளியிட்டார். அவர் காலத்தில் அதற்கு ஊர் ஊராக அலையவேண்டியிருந்தது. நமக்குக் காமிரா சட்டைப்பையிலேயே இருக்கிறது.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு பேட்ச்சும் ஒரு சனி, ஞாயிறை ஒதுக்கி, இந்தக் கல்லூரியில் வேலை பார்த்த ஒருவரைப் பதிவு செய்யட்டும். பேராசிரியர்கள் மட்டும் போதாது. லேப் அட்டெண்டர், மெஸ் சமையல்காரர், வாட்ச்மேன் எல்லோரும் வேண்டும். எடுக்குமுன் ஒரு தடவை, எடுத்ததைக் காட்டி ஒரு தடவை, ஆக இரண்டு தடவை அனுமதி வாங்குவோம். ஒரு பிரதியை அவர் குடும்பத்துக்குக் கொடுப்போம். பெயர், தேதி எழுதி இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துவோம். முதல் பிரதியாக ஃபிட்டிங் சாரின் படத்தைத் தலைவர் அவர்களிடம் இப்போது ஒப்படைக்கிறேன்.

பத்து நிமிடத்தைத் தாண்டிவிட்டேன். செயலாளர் சார் மன்னிக்க வேண்டும்.