தண்ணீரில் வந்த காமாலை



மஞ்சள் காமாலை எல்லோருக்கும் தெரிந்த நோய். கண் மஞ்சளாகும். சிறுநீரும் மஞ்சளாகப் போகும். பசி இருக்காது. ஊரில் ஒருவருக்குக் காமாலை என்றால், "கீழாநெல்லி அரைத்துக் கொடு" என்பார்கள். ஆனால் காமாலை ஒன்றல்ல. கல்லீரலைத் தாக்கும் வைரஸ் கிருமிகளில் முக்கியமானவை ஐந்து. ஏ, பி, சி, டி, இ என்று அவற்றுக்குப் பெயர். இவற்றில் ஒன்றை அடையாளம் கண்ட கதையில் புனே நகரத்துக்குப் பங்கு உண்டு.

1955ஆம் ஆண்டின் கடைசி. டில்லியில் யமுனை ஆறு வழக்கமான பாதையை விட்டு விலகி ஓடியது. குடிநீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை கலந்தது. தண்ணீரில் குளோரின் மருந்தை அதிகமாகப் போட்டார்கள். டைபாய்டு பரவவில்லை. ஆனால் சில வாரங்களில் காமாலை கிளம்பியது. சுமார் 29,000 பேருக்குக் கண் மஞ்சளானது. கர்ப்பிணிகளை அது கடுமையாகத் தாக்கியது. குளோரின் போட்டும் அந்தக் கிருமி சாகவில்லை!

அது ஏ வகைதான் என்று அப்போது எண்ணினார்கள். ஆனால் ஏ வகை இங்கே பெரும்பாலும் குழந்தைகளுக்கு வருவது. டில்லியில் படுத்தவர்களோ பெரியவர்கள். ஏன்?

பதில் கிடைக்க 25 ஆண்டுகள் ஆயின. டில்லி நோயாளிகளின் ரத்தத்தைச் சேமித்து வைத்திருந்தார்கள். புனேயில் 1952இல் தொடங்கிய வைரஸ் ஆய்வு நிலையம் ஒன்று உண்டு. இன்று அதன் பெயர் தேசிய வைராலஜி நிறுவனம். அதன் விஞ்ஞானிகளும் அமெரிக்க விஞ்ஞானிகளும் சேர்ந்து அந்த ரத்தத்தைச் சோதித்தார்கள். 1980இல் முடிவு வந்தது. அது ஏ வகையும் இல்லை, பி வகையும் இல்லை. வேறு ஒரு கிருமி!

பாலயன் என்ற ரஷ்ய விஞ்ஞானி துணிந்து ஒரு காரியம் செய்தார். நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த கிருமியைத் தாமே விழுங்கினார். அவருக்கும் காமாலை வந்தது. பிறகு தம் மலத்திலேயே அந்தக் கிருமியைக் கண்டார். அதுதான் இன்று இ வகை. இப்படி யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

ஏ, இ இரண்டும் அசுத்தமான தண்ணீர், உணவு மூலம் வருபவை. பி, சி இரண்டும் ரத்தம் மூலம் பரவும். ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போட்டால் வரும். பி, தாயிடமிருந்து பிள்ளைக்கும் வரும். உடலுறவு மூலமும் வரும். டி தனியாக வராது. பி இருக்கும் உடலில்தான் பிடிக்கும். ஆகவே பி தடுப்பூசி இரண்டையும் தடுக்கிறது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் இது இலவசம்.

2018 ஜூலை 28 அன்று மத்திய அரசு தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் பி, சி வகைகளுக்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சி வகையைப் பெரும்பாலும் மூன்று மாத மாத்திரையில் குணப்படுத்தலாம். 2030க்குள் அதை நாட்டை விட்டே ஒழிப்பது திட்டத்தின் நோக்கம். பி, சி இரண்டும் பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் கல்லீரலை அரிக்கும். கண் மஞ்சளாகும் வரை காத்திருந்தால் பிந்திவிடும். ரத்தப் பரிசோதனைதான் ஒரே வழி.

இ வகைக்கு ஊசியை விடக் குழாய்தான் முக்கியம். குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள் போகிறதா? குழாயில் கசிவு இருக்கிறதா? பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ எழுதிக் கொடுங்கள். அது சரியாகும் வரை தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் கீழாநெல்லிக்காக ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.