மண்ணீரல் எங்கே?



ஸ்கான் அறையின் இருட்டுக்குள் வேலை செய்யும் எங்களை மேடைக்கு அழைத்தமைக்கு நன்றி. இருதயத்தைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். நாங்கள் மண்ணீரலை எடுத்துக்கொண்டோம். விலங்கியல் பாடத்தில் ஒரு பந்தியோடு முடிந்துபோன உறுப்பு அது. இடது விலா எலும்புகளின் மறைவில், மூடிய கையளவில் இருக்கும்.

சி.ரி. ஸ்கானில் அதைத் தெளிவாகப் பார்க்க, நாளத்தில் சாய மருந்து ஏற்றுவோம். முதல் அரை நிமிடத்தில் நல்ல மண்ணீரலே வரிக்குதிரை போலக் கோடு கோடாகத் தெரியும். அதனுள்ளே குருதி ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. 70 செக்கன் அளவில் எடுக்கும் படத்தில் கோடுகள் மறைந்துவிடும். அப்போதும் மறையாத கீறலைத்தான் காயமா என்று பார்க்கவேண்டும்.

முன்பெல்லாம் மண்ணீரல் கிழிந்தால் அகற்றிவிடுவதே வழக்கம். இப்போது காயத்தை 1 முதல் 5 வரை தரப்படுத்துகிறோம். குருதியமுக்கம் தளம்பாதிருந்தால், சத்திரசிகிச்சை நிபுணர்கள் வாட்டில் வைத்துக் கவனித்தே பலருக்கு அதைக் காப்பாற்றிவிடுகிறார்கள்.

படம் எல்லாவற்றையும் சொல்லாது. மண்ணீரலில் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகள் தெரிந்தால், காசநோயா, வயல் மண்ணிலுள்ள பக்ரீரியாவால் வரும் மெலியோய்டோசிசா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்லமுடியாது. இரண்டுக்கும் மருந்து வேறு. நீரிழிவு உண்டா, வயலில் இறங்கினீர்களா என்று கேட்கவேண்டும். குருதியை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பவேண்டும். கோரிக்கைத் தாளில் 'வயிற்றுநோ' என்று மட்டும் எழுதியனுப்பும் இளம் வைத்தியர்களுக்கு எங்கள்மேல் கோபம் வந்தாலும் பரவாயில்லை, திரும்பக் கேட்போம்.

இந்த மண்டபத்தில் கட்டாயம் சொல்லவேண்டியது இன்னொன்று. வேறு எதற்கோ எடுத்த ஸ்கானில், மண்ணீரல் இருக்கவேண்டிய இடத்தில் குடல் மட்டும் கிடப்பதை நாங்கள் காண்பதுண்டு. வயிற்றில் நீளத் தழும்பு. 'ஷெல் பட்டு ஒப்பரேசன் செய்தது' என்பார்கள். எதை எடுத்தார்கள் என்று கேட்டால் தெரியாது. ஸ்கான் இல்லாத இடங்களில் வயிற்றைத் திறந்து குருதியை நிறுத்தியவர்கள் உயிரைக் காப்பாற்றினார்கள். துண்டு எழுதிக் கொடுத்திருந்தாலும், அத்தனை இடப்பெயர்வில் அது எங்கே மிஞ்சும்!

மண்ணீரல் இல்லாதவருக்கு நியூமோகொக்கஸ் போன்ற கிருமி தொற்றினால், சில மணித்தியாலங்களிலேயே உயிராபத்தாகலாம். தடுப்பூசிகள் உண்டு; பல வருடம் கழிந்தும் போடலாம். அப்படித் தழும்போடு வீட்டில் யாரும் இருந்தால் விசாரியுங்கள். சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கானிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். இல்லையென்று தெரிந்தால், அதை எழுதி அடையாள அட்டையோடு வைக்கச் சொல்லுங்கள். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால், பனடோலைக் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்கவேண்டாம். அன்றிரவே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய், மண்ணீரல் இல்லை என்பதை முதலில் சொல்லுங்கள்.